தலைமை அலுவலகம் பெங்களூரில், வேலை கோவையில்: எந்த மாநிலச் சட்டம் செல்லும்?

கேள்வி: பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வர்த்தக நிறுவனத்தின் கோவைக் கிளையில் மனிதவள அதிகாரியாக இருக்கிறேன். கிடங்கும் அலுவலகமும் சேர்த்து இங்கே நூற்றுப் பத்துப் பேர். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கையேடு என்று தலைமை அலுவலகம் ஒன்றை அனுப்பியிருக்கிறது. வேலை நேரம், விடுப்பு, விடுமுறை எல்லாம் கர்நாடக முறைப்படி இருக்கின்றன (விவரங்களைத் தனியே இணைத்திருக்கிறேன்). சம்பளப் பட்டியலும் பெங்களூரில்தான் தயாராகிறது. இதற்கிடையில், 2022 ஜூனில் கிடங்கில் சேர்ந்து பதினொரு மாத ஒப்பந்தங்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளி, தன்னை நிரந்தரமாக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார். "வழக்கம்போல் பத்து நாள் நிறுத்திவிட்டுப் புது ஒப்பந்தம் போடுங்கள்" என்கிறார்கள் மேலே. தமிழ்நாட்டுச் சட்டம் வேறு என்று சொன்னால், "நியமன ஆணையில் பெங்களூரு நீதிமன்றம் என்றுதானே இருக்கிறது? மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகு மாநிலச் சட்டம் ஏது?" என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, கோவை

பதில்:

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் நிறுத்திவைக்கும் அந்தக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றவற்றை இரண்டு வாரம் பொறுத்துக்கூடச் சரிசெய்யலாம். இந்தக் கடிதம் ஒருமுறை வெளியே போய்விட்டால், பிறகு அது எதிர்த் தரப்பின் முதல் ஆவணமாகத்தான் உங்கள் கைக்குத் திரும்பி வரும்.

காரணம், தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம், 1981. பெயர்தான் நீளம், விதி ஒரே வரி. இருபத்து நான்கு காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ச்சியாகப் பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். நிறுவனம் விரும்பினால் ஆக்கலாம் என்று அதில் இல்லை. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பழக்கமில்லாததில் வியப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்த எண் 240. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் இழப்பீடு தர வேண்டும் என்பது மத்தியச் சட்டத்தின் கணக்கு. அது வேறு, இது வேறு. 240-ஐக் கடந்தவருக்கு நீக்கும்போது சில பாதுகாப்புகள் உண்டு. 480-ஐக் கடந்தவர் நிரந்தரத் தொழிலாளி என்ற தகுதியையே கேட்கலாம்.

"தொடர்ச்சியாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பத்து நாள் உத்தி பிறந்தது. ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் அந்தப் பொந்தையும் யோசித்தே அடைத்திருக்கிறார்கள். நோய், அனுமதிக்கப்பட்ட விடுப்பு, விபத்து, சட்டப்படியான வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறு இல்லாமல் நின்றுபோன வேலை ஆகியவற்றால் இடையில் விட்டுப்போனாலும் பணி தொடர்ந்ததாகவே கொள்ளப்படும். உங்கள் தொழிலாளி அந்தப் பத்து நாள் வீட்டில் இருந்தது யாரால்? அவராக விடுப்புக் கேட்டாரா? நிறுவனம்தானே வர வேண்டாம் என்றது?

அந்த வாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வேலைக்கு வந்த நாட்களை மட்டும் எண்ணினாலும் உங்கள் நிறுவனம் தேறாது. கிடங்கில் வாரம் ஆறு நாள் வேலை. பண்டிகை, விடுப்பு எல்லாம் போக மாதம் இருபத்தைந்து நாள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். முதல் பதினொரு மாதத்தில் 275 நாள். இடைவெளி முடிந்து 2023 மே நடுவில் திரும்ப வந்தவருக்கு மீதி 205 நாள் சேர எட்டு மாதம் போதும். ஆக, 2024 பொங்கலை ஒட்டியே அவர் 480-ஐத் தொட்டுவிட்டார். பிறகு நீங்கள் எத்தனை இடைவெளி விட்டாலும் கடந்த கோடு கடந்ததுதான். வருகைப் பதிவை எடுத்து நாள்வாரியாக எண்ணிப் பாருங்கள். என் கணக்கு ஒரு மாதம் முன்பின் இருக்கலாம், முடிவு மாறாது.

புது ஒப்பந்தம், புது ஊழியர் எண் என்று காகிதத்தில் என்ன மாற்றினாலும் அவருடைய பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். (வாழ்நாள் முழுக்க மாறாத அடையாள எண்) ஒன்றுதான். அதில் மாதாமாதம் உங்கள் நிறுவனத்தின் பெயரில் சந்தா விழுந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு மாதத்தில் மட்டும் தொகை மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறையும் மாதங்களை வரிசையாக வைத்தாலே, யார் எதற்காக இடைவெளி விட்டார்கள் என்பது கதை சொல்வதுபோல் விளங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவாளர் வேண்டாம். தொழிற்சங்கத்தில் பழகிய எவரும் தங்கள் கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டிவிடுவார்கள். நிரந்தரச் சலுகைகளைத் தராமல் இருப்பதற்காகவே ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது, தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையிலேயே நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று பட்டியலிடப்பட்டிருந்தது. 2020-இன் தொழில் உறவுகள் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை.

"சரி, அப்படியானால் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிடுவோம்" என்று அடுத்த யோசனை மேலேயிருந்து வரும். வராவிட்டால்தான் அதிசயம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவை அப்போது எடுத்துக் காட்டுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் முறையான விசாரணை நடத்தி அதில் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். நிரந்தரம் கேட்டுக் கடிதம் கொடுத்த மறு மாதமே ஒருவர் வெளியே போனால், அதை நியாயமான காரணம் என்று எந்த மேல்முறையீட்டு அதிகாரியும் ஏற்கப்போவதில்லை.

இனி அந்த நியமன ஆணை. பெங்களூரு நீதிமன்றம் என்று அச்சிட்ட வரி உங்கள் நிறுவனத்துக்குப் பொருள் வழங்கும் வணிகருடன் தகராறு வந்தால் பயன்படலாம். தொழிலாளர் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தம் போட்டு விலக்க முடியாது. கோவையில் உள்ள தொழிலாளர் அதிகாரியின் அதிகாரத்தையும் அப்படி விலக்க முடியாது. வேலை எங்கே நடக்கிறதோ அந்த மாநிலத்தின் கடைச் சட்டமும் விடுமுறைச் சட்டமும்தான் பொருந்தும். கிடங்கும் இதில் அடங்கும். கடையோடு சேர்ந்த சேமிப்பறை, கிட்டங்கி எல்லாம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வருகின்றன.

புதிய தொகுப்புகள் பற்றிய கேள்வி கொஞ்சம் மதிக்கத் தக்கது. ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணிப் பாதுகாப்பு என நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவை விழுங்கியவை 29 மத்தியச் சட்டங்கள். மாநிலச் சட்டமன்றங்கள் இயற்றிய கடைச் சட்டமோ, விடுமுறைச் சட்டமோ, நல நிதிச் சட்டமோ, 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டமோ அந்தப் பட்டியலில் இல்லை. ஏதேனும் ஓர் இடத்தில் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் நேருக்கு நேர் மோதினால் எது மேலோங்கும் என்பது அரசியலமைப்பின் 254-ஆம் பிரிவின்கீழ் தீர வேண்டிய விஷயம். தொகுப்பு அனுமதிக்கும் குறித்த கால வேலைவாய்ப்பும் 480 நாள் விதியும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று வாதங்கள் எழத்தான் செய்யும். அதற்காக 2022-இல் சேர்ந்து 2024-லேயே கோட்டைத் தாண்டிய ஒருவரின் கணக்கை 2025-இல் வந்த தொகுப்பைக் காட்டி அழிக்கலாம் என்று நினைப்பது வீண் ஆசை.

உங்கள் மேலிடம் தொகுப்பைச் சாட்சிக்கு அழைத்தால் இன்னொரு சங்கடமும் காத்திருக்கிறது. கையேட்டில் நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்று அலுவலக ஊழியர்களுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உணவு இடைவேளை அதில் சேராது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். கர்நாடகக் கடைச் சட்டம் நாளுக்கு ஒன்பது, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வரை அனுமதிக்கிறது. ஆகவே பெங்களூரில் உட்கார்ந்து எழுதியவர் கண்ணுக்கு இதில் குறை தெரியாது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தெட்டு. மிகை நேரத்தையும் சேர்த்து நாளுக்குப் பத்து, வாரத்துக்கு ஐம்பத்து நான்கு என்பது உச்ச வரம்பு. வாரக் கணக்கு நாற்பத்தைந்துதானே என்று சொல்லித் தப்ப முடியாது, ஏனென்றால் நாள் வரம்பு தனி, வார வரம்பு தனி. ஒன்பதாவது மணி நேரம் முழுக்க ஓவர்டைம், அதற்குச் சாதாரண ஊதியத்தைப்போல் இரு மடங்கு தர வேண்டும். பணிப் பாதுகாப்புத் தொகுப்பைத் திறந்தாலும் அங்கேயும் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றுதான் இருக்கிறது.

இதைச் சட்ட மொழியில் சொன்னால் மேலே யாருக்கும் உறைக்காது. ரூபாயில் சொல்லுங்கள். ஒருவரின் ஒரு மணி நேர ஊதியம் நூறு ரூபாய் என்றால் ஒன்பதாவது மணிக்கு இருநூறு ரூபாய். மாதம் இருபத்திரண்டு நாளுக்கு 4,400 ரூபாய். அலுவலகத்தில் நாற்பது பேர் இருந்தால் மாதம் 1,76,000. இரண்டு ஆண்டு யாரும் கேட்காமல் விட்டுவிட்டு ஒருநாள் மொத்தமாகக் கேட்டால் 42,24,000. நிதித் துறைத் தலைவருக்கு நகல் போட்டு இந்த ஒரு பத்தியை மட்டும் அனுப்பிப் பாருங்கள். கோவைக் கிளையின் வேலை நேரம் எட்டரையாவதற்கு அல்ல, எட்டாவதற்கே அதிக நாள் பிடிக்காது.

இடையில் ஒன்று. பன்னிரண்டு மணி நேர வேலைக்குத் தமிழ்நாடு அனுமதி கொடுத்துவிட்டது என்று இன்னமும் சிலர் கூட்டங்களில் பேசுவதைக் கேட்கிறேன். 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறிய அந்தத் திருத்தம் தொழிற்சாலைகளுக்கானது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்துவிட்டார். அதை மேற்கோள் காட்டும் ஆலோசகர் யாராவது உங்கள் நிறுவனத்தில் இருந்தால் அவருடைய மற்ற ஆலோசனைகளையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

விடுப்பில் கையேடு தாராளமாகத் தெரியும், அங்கேதான் வழுக்கும். ஈட்டிய விடுப்பு பதினெட்டு, மருத்துவமும் தற்செயலும் சேர்த்துப் பன்னிரண்டு, மொத்தம் முப்பது என்று கொடுத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் நோய்க்கும் பிற நியாயமான காரணத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் என்பதே சட்டம். நம் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இவற்றைத் தனித்தனியாக வைக்கிறது. ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்துடன் பன்னிரண்டு நாள், அதை இருபத்து நான்கு வரை சேர்த்துவைக்கலாம். நோய்க்குப் பன்னிரண்டு, தற்செயலுக்குப் பன்னிரண்டு. பின்னால் சொன்ன இரண்டும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடும். ஒரு வகையில் ஆறு நாள் கூடுதலாகத் தருகிறோம், அதை இன்னொரு வகையில் கழித்துக்கொள்கிறோம் என்பது செல்லாது. பதினெட்டைக் குறைக்க வேண்டாம். ஏற்கெனவே தருவதைப் பறித்தால் வேறு வழக்கு வரும். மருத்துவத்தையும் தற்செயலையும் பிரித்துப் பன்னிரண்டு பன்னிரண்டாக்குங்கள், போதும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் பெயருக்கு முன்னால் 'மேலாளர்' என்று போட்டுவிட்டால் மட்டும் ஒருவர் நிர்வாகத்தில் சேர்ந்துவிட மாட்டார். விடுப்பு அனுமதிக்கும், ஆளெடுக்கும், தண்டிக்கும் அதிகாரம் அவர் கையில் உண்டா என்றுதான் பார்ப்பார்கள்.

விடுமுறைப் பட்டியலில் நவம்பர் 1 இருக்கிறது, பொங்கல் இல்லை என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். கர்நாடக ராஜ்யோத்சவத்துக்குக் கோவைக் கிடங்கைப் பூட்டிவிட்டுப் பொங்கலன்று திறந்துவைத்தால் யார் வருவார்கள்? 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி இங்கே ஒன்பது நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். அந்த ஐந்தையும் நிர்வாகம், தொழிலாளர் இரு தரப்பையும் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையேல் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. வாக்குப்பதிவு நாளை மறந்துவிடாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவும் அன்றைக்குச் சம்பளத்துடன் விடுமுறை கேட்கிறது.

தொழில் வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சம்பளப் பட்டியல் பெங்களூரில் தயாராகிறது என்றதால் சொல்கிறேன். கர்நாடகத்தில் மாநில அரசுக்கு மாதாமாதம் பிடிப்பார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அங்கே மாதம் 25,000 ரூபாய்க்குக் கீழ் வாங்குபவருக்கு வரி இல்லை. இங்கே வரி வாங்குவது உள்ளாட்சி, உங்களுக்குக் கோவை மாநகராட்சி. அரையாண்டுக்கு ஒருமுறை. ஆறு மாத வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினாலே வரியின் உச்சப் படி வந்துவிடும். மாதம் 18,000 வாங்கும் உங்கள் கிடங்கு ஊழியருக்கு பெங்களூரு மென்பொருள் சுழியம் காட்டும். கோவையில் அவருடைய அரையாண்டு வருமானம் 1,08,000, அவர் உச்சப் படியில் நிற்கிறார். பிடிக்காமல் விட்டால் மாநகராட்சி கேட்கப்போவது நிறுவனத்தை. அதன் பிறகு நாலைந்து அரையாண்டுத் தொகையை ஒரே சம்பளத்தில் அவரிடம் பிடிப்பது நியாயமும் ஆகாது, நடக்கவும் நடக்காது. இதேபோல் தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிக்கான பிடித்தம் டிசம்பரில். நிறுவனத்தின் பங்கு தொழிலாளியின் பங்கைப்போல் இரு மடங்கு, ஜனவரிக்குள் கட்ட வேண்டும். தொகை சின்னது. அதனால்தான் விட்டுப்போகிறது.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையும் நிறுவனமும் பதிவு செய்ய வேண்டும் என்ற திருத்தம் 2024 ஜூலை 2 முதல் நடப்பில் இருக்கிறது. அதுவரை தமிழ்நாட்டில் அப்படியொரு பதிவே கிடையாது என்பதால் பழைய நிறுவனங்கள் பல இன்னும் விழிக்கவில்லை. உங்கள் கிளை பதிவானதா என்று பாருங்கள். கிடங்கிலும் வரவேற்பறையிலும் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பது 2021-இல் வந்த 22-ஏ பிரிவு. நாற்காலி இருந்தால் மட்டும் போதாது, உட்கார விட வேண்டும். யாரையாவது இடைநீக்கம் செய்தால் பிழைப்பூதியச் சட்டம், 1981 இருக்கிறது. முதல் தொண்ணூறு நாள் பாதிச் சம்பளம், நூற்றெண்பது நாள் வரை முக்கால், அதன் பிறகு முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடிக்கும் வழக்கம் உள்ள நிறுவனங்களுக்கு இந்தக் கடைசிப் படி நல்ல மருந்து. தொகுப்புகளிலிருந்து நீங்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வேலையை விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்க வேண்டும். கையேட்டில் நாற்பத்தைந்து நாள் என்று இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைச் சட்டத்தில் 'வேலையளிப்பவர்' என்றால் முதலாளி மட்டுமில்லை. மேலாளரும் முகவரும், நிர்வாகத்தைப் பொதுவாகக் கவனிக்க அமர்த்தப்பட்டவரும் அதில் வருகிறார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி பெங்களூருக்கு ரயில் ஏற மாட்டார். பதிவேட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார். ஆகவே இத்தனை நாள் தொலைபேசியில் சொன்னதையெல்லாம் இனி மின்னஞ்சலில் சொல்லுங்கள். கையேட்டின் எந்தப் பத்தி, தமிழ்நாட்டின் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, ஆண்டுக்கு எத்தனை ரூபாய் பொறுப்பு என்று வரிசையாக எழுதி, கையேட்டுக்கு மாநில இணைப்பு ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். 'கையேடு தவறு' என்று தொடங்காதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். பொதுக் கையேடு அப்படியே இருக்கட்டும், 'தமிழ்நாட்டுக் கிளைகளுக்கு இவை பொருந்தும்' என்று நாலு பக்கம் சேர்ப்பதற்கு எந்த மேலிடமும் முகம் சுளிக்காது. ஓசூரில் கிளை இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். பெங்களூருக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது தமிழ்நாடுதான்.

அந்தத் தொழிலாளியின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கொடுத்த கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு நாளிட்டு, முத்திரையிட்டு ஒப்புதல் கொடுங்கள். நாள் கணக்கை எடுத்து, 480 நாள் முடிந்த தேதியைக் குறிப்பிட்டு, அன்றிலிருந்து நிரந்தரமாக்கப் பரிந்துரை எழுதுங்கள். அவரைப்போல் ஒப்பந்தத்தில் ஓடும் மற்றவர்களின் பட்டியலையும் கூடவே வையுங்கள். ஒருவருக்குச் செய்துவிட்டுப் பத்துப் பேரை மறைத்தால் அடுத்த மாதம் பத்துக் கடிதம் வரும். மேலே மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அவர் தொழிலாளர் துறைக்குப் போவதாகச் சொன்னால் தடுக்காதீர்கள், பயமுறுத்தாதீர்கள். அதிகாரி கேட்கும் பதிவேடுகளைத் திருத்தாமல், உள்ளபடியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.